பூசணிக்காய் வெட்டிய மிஷின்

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் இருந்த காலம் மிகக் குறுகியது. அதற்கு நான் காரணமில்லை. அரசு அச்சுப் பிரிவில் கடைசிவரை இருந்தவன் நான். காகிதம் உள்ளே வருவது முதல் கட்டாக வெளியே போவது வரை எல்லாவற்றுக்கும் நடைமுறை எழுதியவன். எழுதியதை யாராவது மீறினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பிப் பழகியவன். வீட்டில் ஒருநாள், கரண்டிகள் அளவு வரிசையில் தொங்கினால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னேன். மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அரிசி களையறதுக்கும் ஒரு சர்க்குலர் போட்டுடுங்க. போட்டுட்டு, எங்கனா வேலைக்குப் போங்க," என்றாள்.

போனேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள், நோட்டுப் புத்தகமும் லேபிளும் அட்டைப்பெட்டியும் செய்கிற பட்டறை. முதலாளிக்கு என் மகன் வயது. வெளியூர்க் கம்பெனிகள் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் "புரொசீஜர் எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கத் தொடங்கியிருந்த காலம். அவரிடம் அது இல்லை. என்னிடம் அதைத் தவிர வேறெதுவும் இல்லை. இருவருக்கும் பொருந்திப் போயிற்று.

பட்டறையின் நடுவில் காகிதம் வெட்டும் இயந்திரம் நின்றது. ஆங்கிலத்தில் இதற்கு கில்லட்டின் என்று பெயர். அதே பெயருள்ள தலைவெட்டும் கருவியால் ராஜாவின் தலையையே எடுத்த பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் காகிதம் வெட்டுவதை அப்படிச் சொல்வதில்லை. மசிக்கோ என்று மரியாதையாக வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் அச்சுப் பிரிவின் பழைய ஆட்களும் மசிக்கோ என்றுதான் சொன்னார்கள். பட்டறையில் இருந்த மற்றவற்றுக்குத் தையல் மிஷின், ஒட்டுற மிஷின் என்று பெயர்கள் உண்டு. இது வெறும் மிஷின். அதுவே அதன் அந்தஸ்து.

காகிதத்தை நேராக வெட்ட வழிகள் பல. பெரிய ஆலைகளில் உருளையாக வரும் காகிதத்தை ஓடவிட்டு, சுழலும் வட்டக் கத்திகளால் கீறிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தாளாக அளவுகோல் வைத்தும் கீறலாம், ஆயுள் போதாது. எங்களைப் போன்ற பட்டறைக்கு ஏற்றது, கட்டாக அடுக்கி, அமுக்கிப் பிடித்து, நீளக் கத்தியை மேலிருந்து ஒரே இறக்காக இறக்குவது. வேடிக்கை பார்ப்பவர்கள் கத்தியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கத்தி இறங்குவதற்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். தாள்களுக்கு இடையில் காற்றுப் போகும்படி விசிறி, தட்டிச் சீராக்கி, மிஷின் மேடையின் இடப்பக்கச் சுவரோடு ஒட்டி, பின்னால் இருக்கும் தடுப்பில் முட்டவைக்க வேண்டும். சுவரும் தடுப்பும் மூலைமட்டமாகச் சேர்ந்திருந்தால் வெட்டும் நேராக வரும். பிறகு ஒரு இரும்புப் பாளம் இறங்கிக் கட்டை அமுக்கும். அந்தப் பிடி தளர்ந்தால் கத்தி தாளை இழுத்துவிடும். மேல்தாள் ஓர் அளவு, அடித்தாள் ஓர் அளவு என்று வரும். இதையெல்லாம் விளக்கமாக எழுதி, லேமினேட் செய்து, மிஷினுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். அந்த வாரமே அதன்மேல் ஒருவர் தன் சட்டையை மாட்டினார்.

சட்டை கட்டர்காரருடையது. மிஷினை ஓட்டியவர் அவர். கை சுத்தம், வாய் அப்படி இல்லை. காலாப்பட்டுப் பக்கம் புதிதாக வந்த ஒரு பெட்டிக் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே கம்ப்யூட்டர் வைத்த மிஷின்.

"பட்டன தட்டினா அதுவே அளவு எடுத்துக்கும் சார். நீங்க எழுதி மாட்டறதுக்கு அங்க ஆணிகூட கெடையாது," என்றார்.

ஆயுத பூஜை முடிந்ததும் போய்விடுவதாக ஏற்பாடு. தன் இடத்துக்கு மச்சானைக் கொண்டுவந்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதற்குக் குறுக்கே வந்தவர், தாள் மடிக்கும் மேசையில் இருந்த அம்மாள். முன்பு பஞ்சாலையில் துணி மடிக்கும் பகுதியில் இருந்தவர். ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து இங்கே தாள் மடிக்க உட்கார்ந்தார். மிஷினுக்குப் போகும் கட்டுகளை விசிறித் தட்டிக் கொடுப்பதும் அவர் வேலைதான். முதலாளி உட்பட எல்லோருக்கும் அக்கா. அவருக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"மொதலாளி, அண்ணன் போறாராமே. மிஷின நான் ஓட்டறேன்."

கட்டர்காரர் சிரித்தார். "அருவாமணை இல்லக்கா அது."

"தெரியும்ண்ணே. அருவாமணைன்னா உக்காந்து வெட்டணும். உக்காந்து உக்காந்துதான் எனக்கு முதுகு போயிடுச்சி. நின்னு வெட்டணும்னுதான் கேக்கறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பெண்கள் இந்த மிஷினைத் தொடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பயிற்சிக்கு நடைமுறை உண்டு: கழிவுத் தாளில், மேற்பார்வையில், வேலை நேரத்துக்கு வெளியே. எழுதிக் கொடுத்தேன். அதிலிருந்து மதிய இடைவேளைகளில் அக்கா கழிவுத் தாள்களை வெட்டினார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். அதுதான் மேற்பார்வை.

கடைசியில் முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். ஒரு மிட்டாய்க் கடைக்காரர் தீபாவளிப் பெட்டிகளுக்கு லேபிள் ஆர்டர் கொடுத்திருந்தார். ஊர்ப் பெயர் அரசாங்கக் கணக்கில் புதுச்சேரி என்று மாறியிருந்த சமயம். புதுப் பெயரைத் தங்க எழுத்தில் போட்டு, நாலு பக்கமும் மெல்லிய தங்கக் கோடு இழுக்கச் சொல்லியிருந்தார். கோடு போட்ட லேபிள் பொல்லாதது. வெட்டு ஒரு மயிரிழை சாய்ந்தாலும், கோட்டுக்கு வெளியே இருக்கும் வெள்ளை ஒரு முனையில் குண்டாகவும் மறுமுனையில் ஒல்லியாகவும் நின்று காட்டிக்கொடுத்துவிடும். விஜயதசமி அன்று அந்த லேபிளை அக்கா வெட்ட வேண்டும். கடைக்காரர் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டால் மிஷின் அக்காவுக்கு. இல்லையென்றால் மச்சான் வருவார்.

"குறை சொல்லாம வாங்கறதா? அவரு பொண்ணு பாக்கப் போன எடத்துல வீட்டுக் கூரை ஓட்ட எண்ணிட்டு வந்தவராச்சே," என்றார் கட்டர்காரர், ரொம்பச் சந்தோஷமாக.

ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கு விபூதிப் பட்டை, வாழைக்கன்று, மாலை. பொரியும் சுண்டலும் மடிக்கும் மேசையில். எல்லாம் வழக்கம்போல்தான், பூசணிக்காய் வரைக்கும். கடைகளில் திருஷ்டி கழிக்கிற முறை எல்லோருக்கும் தெரியும்: காயின் தலையில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் காசும் போட்டு மூடி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, தெருவில் போட்டு உடைப்பது. முந்திய வருடம் எங்கள் பூசணியில் வழுக்கி ஒருவர் மொபெட்டோடு விழுந்தார். முதலாளிதான் அவரைத் தூக்கிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க அலைந்தார். அதனால் இந்த வருடம், ஆரத்தி முடிந்து கற்பூரம் அணைகிற நேரத்தில், அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"தெருவுல வாணாம். மிஷினுக்குப்பட்ட கண்ணு மிஷின்லயே கழியட்டும். அதுலயே வெட்டிடலாம்."

அந்த வருடம் கிடைத்தது சின்னக் காய். கத்திக்குக் கீழே படுக்கவைத்தால் சரியாக நுழையும். நான் ஆட்சேபம் தெரிவித்தேன். அட்டை, காகிதம் தவிர வேறெதையும் மேடையில் வைக்கக் கூடாது என்று நானே எழுதிச் சட்டைக்குப் பின்னால் மாட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். ஈரம் கத்திக்கு ஆகாது என்றேன்.

"துணியால தொடச்சிடலாம் சார்," என்றார் முதலாளி. "அக்கா, நீங்க வாங்க. நாளையிலேர்ந்து உங்க கைதானே. மொத வெட்டு நீங்களே போடுங்க."

அக்கா மிஷினைத் தொட்டுக் கும்பிட்டார். இந்த மிஷினில் கத்தி இறங்க வேண்டுமானால் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அமுக்க வேண்டும்; கை கத்திக்கு அடியில் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு. அமுக்கினார். பாளம் இறங்கிப் பூசணியை நசுக்கியது. கத்தி இறங்கியது. பூசணிக்காயிலிருந்து வரக் கூடாத ஒரு சத்தம் வந்தது: டிங்.

கத்தி மேலே போனதும் நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். இடப்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கத்தியின் கூர் ஓரத்தில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பொக்கை.

"பாத்தீங்களா? பொம்பள கை பட்டதும் பல்லு போயிடுச்சி," என்றார் கட்டர்காரர்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.  கத்தி உடைந்தால் காரணம் கண்டுபிடித்த பிறகுதான் ஆளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது நடைமுறை. நான் பூசணியின் இரண்டு பாதிகளையும் மேசைக்குக் கொண்டுபோய், சுண்டல் கரண்டியால் தோண்டினேன். குங்குமக் குழம்புக்குள்ளிருந்து ஒரு ரூபாய்க் காசு வந்தது. ஓரத்தில் ஆழமான வெட்டு.

"இதுக்குள்ள காசு போட்டது யாரு?" என்று கேட்டேன்.

 முதலாளி மெதுவாக வாழைக்கன்றுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"காலையில... தெருவுலதான உடைக்கப்போறோம்னு நெனச்சி... அம்மா சொன்னாங்கன்னு நாந்தான்..." என்றார்.

அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. "ஏன் மொதலாளி, உங்க வூட்டு காசு ஒன்னயே இப்படி வெட்டியிருக்குது இந்தக் கத்தி. காயிதம் வெட்டாதா?"

எல்லோரும் சிரித்தோம். கட்டர்காரர்கூடச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நிலைமை தெரிந்தது. மாற்றுக் கத்தி ஒன்று உண்டு. அது பூஜைக்குப் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று சாணை பிடிக்கச் சென்னைக்குப் போயிருந்தது. பூஜை விடுமுறையில் அங்கே பட்டறை பூட்டு. பொக்கை விழுந்த கத்தியால் வெட்டினால் கட்டின் வெட்டுமுகத்தில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் விழும்; ஒவ்வொரு லேபிளின் ஓரத்திலும் ஒரு பிசிறு நிற்கும். ஓடு எண்ணுகிறவர் அதையும் எண்ணிவிடுவார். அவருக்கு லேபிள் மறுநாள் மாலைக்குள் வேண்டும்.

"எங்க புது கம்பெனிக்கு அனுப்புங்க. நான் சொல்லி வெட்டித் தரேன்," என்றார் கட்டர்காரர். பிறகு மெதுவாக, "அப்படியே அடுத்த வாரம் மச்சானையும் வரச் சொல்லிடறேன்."

முதலாளி தலையாட்டுவதற்கு வாய்ப்பு இருந்தது. அக்கா அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் குடுங்க மொதலாளி. அதுக்குள்ள நான் வெட்டலன்னா காலாப்பட்டுக்கு அனுப்புங்க. நானும் வாயத் தொறக்காம மடிக்கிற மேசைக்குப் போயிடறேன்."

"வாயத் தொறக்காமயா?" என்றார் கட்டர்காரர். அந்த ஒரு உறுதிமொழிக்காகவே சம்மதிக்கலாம் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். சம்மதித்தார்.

அப்போதே முயன்று பார்க்க வழியில்லை. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. பூசணியைப் பூஜையின் பகுதி என்று வாதாடி வெட்டிவிட்டார்கள். லேபிளுக்கு அந்த வாதம் செல்லாது. கத்தியை மட்டும் துடைத்து எண்ணெய் தடவிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விஜயதசமி காலையில் நான் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்து, அச்சடித்த தாள் ஒன்றைக் கத்திக்கு முன்னால் விரித்துவைத்து, பொக்கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மில்லுல துணியில எங்கனா இழை அறுந்திருந்தா என்னா பண்ணுவோம் தெரியுமா? அந்த எடம் பீஸோட கடைசியில வர்ற மாதிரி மடிப்போம். வெட்டும்போது அது துண்டோட போயிடும். இங்கயும் அப்படித்தான. லேபிளுக்கு நடுவுல வெள்ளையா ஒரு சந்து உட்டு இருக்குது பாருங்க. அத எப்படியும் வெட்டிக் கீழதான போடப்போறோம். பொக்கை அந்தச் சந்துல உழுந்தா?"

நான் யோசித்தேன். பெரிய தாளை நீளவாக்கில் வெட்டும்போது பொக்கை லேபிள்களுக்கு இடையே உள்ள வெள்ளைச் சந்தில் விழுந்தால், அந்தக் கீறல் அடுத்த வெட்டில் கழிவாகப் போய்விடும். பிறகு வரும் சின்னத் துண்டுகளைப் பொக்கைக்கு வலப்பக்கம் மொத்தமாகத் தள்ளி வெட்டலாம். யோசனை சரி. ஒரு குறைதான் இருந்தது.

"ஏம்மா, கட்டைத் தள்ளி வெச்சா இடப்பக்கச் சுவரு கிடைக்காதே. சாஞ்சுக்க சுவரு இல்லாம மூலைமட்டம் எங்கேயிருந்து வரும்?"

"அதுக்குத்தான் உங்கள எதிர்பாத்து நிக்கறேன்."

சுவர் தொலைவில் இருந்தால் சுவரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். போன மாதம் வெட்டிய கல்யாணப் பத்திரிகை அட்டையில் மிச்சக் கட்டு ஒன்று பலகைமேல் இருந்தது. எடுத்துத் தட்டிச் சீராக்கி, பசை தடவிச் செங்கல்போல ஒட்டினேன். இரண்டு பக்கமும் இணையாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. அதைச் சுவரோடு ஒட்டி, கத்தி படாத அளவுக்கு உள்ளே தள்ளி வைத்தோம். கட்டு அதன்மேல் சாய்ந்துகொள்ளும். பொக்கை சந்தின் நடுவில் வருவதற்கு இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டியிருந்தது. அட்டைப் பட்டைகளை இடையில் ஒவ்வொன்றாகச் செருகினோம். அரசுப் பணியில் இதைச் செய்திருந்தால் நானே எனக்குக் குறிப்பாணை அனுப்பியிருப்பேன். ரொம்ப உற்சாகமாக இருந்தது.

கழிவுத் தாளில் முதல் வெட்டு. பொக்கையின் கீறல் சரியாகச் சந்தில் விழுந்தது. அக்கா கைதட்டினார்.

"இரும்மா," என்றேன். நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வெட்டிய கட்டிலிருந்து இரண்டு தாள் எடுத்து, ஒன்றைக் குப்புறப் புரட்டி மற்றதன்மேல் வைத்து, ஓர் ஓரத்தைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சாய்வு இருந்தால் எதிர் ஓரத்தில் இரட்டிப்பாகத் தெரியும். தெரிந்தது. தாள் பூணூல் போட்டதுபோல் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

இதற்குள் வந்துவிட்டிருந்த கட்டர்காரர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நேரா வெட்டறது ஒரு மொறன்னா, இது புது மொறை போல."

அட்டைச் செங்கல்லை மறுபடி சோதித்தேன். குற்றம் அதில் இல்லை. அமுக்கும் பாளத்தின் பிடி சரி. அக்கா தாளைத் தட்டி அடுக்கியதும் சரி. முதலாளி வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார். மத்தியானம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா மறுபடி அடுக்கி வெட்டினார்; மறுபடி அதே சாய்வு, அதே அளவு. அதுதான் என்னை யோசிக்கவைத்தது. கை செய்கிற தப்பு ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். மாறாத தப்பு என்றால் மாறாத ஒரு பொருள் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

"பின்தடுப்பைப் பாரும்மா."

அக்கா கட்டை எடுத்துவிட்டு, கையை உள்ளே நீட்டாமல் மிஷினை நிறுத்திவிட்டு, பின்பக்கம் சுற்றிப்போய்க் குனிந்தார்.  பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தையல் கடையிலிருந்து ஆள் வந்துவிட்டார். விரல் நுனியில் எடுத்துவந்து காட்டினார். பூசணி விதை. குங்குமத்தோடு காய்ந்து தடுப்பின் ஒரு மூலையில் கெட்டியாக ஒட்டியிருந்திருக்கிறது. பூஜைக்குப் பிறகு தொடக் கூடாது என்றதால் அங்கே யாரும் துடைக்கவில்லை. கட்டின் ஒரு மூலை தடுப்பில் முட்ட, மறுமூலை விதையில் முட்டி நின்றிருக்கிறது.

"திருஷ்டி முழுசாக் கழியல மொதலாளி," என்றார் அக்கா.

விதை போன பிறகு வெட்டிய தாளைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே ஓரமாகிவிட்டன. வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். சொல்வதற்கு எதுவும் இல்லை; எனக்கு அது அபூர்வம்.

பிறகு லேபிள். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார். பெரிய கட்டு வைத்தால் பொக்கை இருக்கும் இடத்தில் கத்தி திணறும். விசிறினார், தட்டினார், சாய்த்தார், முட்டவைத்தார், இரண்டு கைகளாலும் அமுக்கினார். நீள வெட்டு முடிந்ததும் அகலமான இன்னொரு அட்டைச் செங்கல்லை வைத்து, துண்டுகளைப் பொக்கைக்கு அந்தப் பக்கம் தள்ளிக் குறுக்கு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் வெள்ளைச் சந்துகள் சுருண்டு கீழே விழுந்தன. மேடையில் தங்கக் கோட்டுக்குள் புதுச்சேரி புதுச்சேரியாக அடுக்கு உயர்ந்தது.

முதல் கட்டு முடிந்ததும் முதலாளி மிட்டாய்க் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுவிட்டார். அவர் ஸ்கூட்டரில் வந்தார். கட்டைக் கையில் வாங்கி, நாலு பக்கமும் கட்டைவிரலால் தடவினார். நடுவிலிருந்து ஒரு லேபிள் உருவினார். அடியிலிருந்து ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.  கட்டர்காரர் உதவி செய்கிற மாதிரி, "ஓரத்த பாருங்கண்ணே, ஓரத்த," என்றார்.

"ஓரமெல்லாம் சரியாத்தான்யா இருக்குது," என்றார் கடைக்காரர். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. "மீதிய சாயங்காலம் அனுப்பிடுங்க." போகும்போது ஒரு லேபிளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வீட்டுக்குப் போய்க் குறை கண்டுபிடிப்பதற்காக இருக்கலாம்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரிக்கா. நாளையிலேர்ந்து மிஷின் உங்களுது."

"நாளைக்கு என்னா நாளைக்கு? இன்னிக்கு விஜயதசமி. இன்னிக்கே சொல்லுங்க."

"சரி, இன்னிக்கே."

"அண்ணன் காதுல உழற மாதிரி சொல்லுங்க."

"மிஷின் இன்னியிலேர்ந்து அக்காவுது!" என்று முதலாளி சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார். தையல் கடைக்காரர் அங்கிருந்தே விசில் அடித்தார். யாரோ மிச்சப் பொரியை எடுத்து அக்கா தலையில் போட்டார்கள். பொரி மேடையில் விழுந்ததும் அக்கா போட்டவரைத் திட்டிவிட்டு, துணியை எடுத்துப் பின்தடுப்பு வரைக்கும் துடைத்தார்.

இன்னும் பாதி லேபிள் பாக்கி இருந்தது. அக்கா வெட்டத் தொடங்கினார். கட்டர்காரர் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வேலை நடக்கிற இடத்தில் கையைக் கட்டி நிற்க அவருக்கு உடம்பு பழகவில்லை. மேசையிலிருந்து ஒரு கட்டு எடுத்தார், விசிறினார், தட்டினார், மேடை ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார். அடுத்ததையும் எடுத்தார். இவ்வளவு நாள் அக்கா அவருக்குச் செய்துகொடுத்த வேலையைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. நானும் சுட்டிக்காட்டவில்லை.

அக்கா அவர் வைத்த கட்டின் ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, இன்னொரு வாட்டி தட்டுங்க. மேல ரெண்டு தாளு நீட்டிகினு இருக்குது."

அவர் தட்டினார்.